கிளட்ச் பிளேட் தேய்ந்ததா? பார்த்து அறிந்து, பிரித்து மாற்றும் முழு வழிகாட்டி

செட்டிநாட்டுப் பக்கம் பைக் ஓட்டுகிறவர்களுக்குக் கிளட்ச் பிளேட் தேய்வது சீக்கிரம் தெரியாது. காரணம், நம்ம ஊர் சமதளம். காரைக்குடியில் இருந்து தேவகோட்டைக்குப் போனாலும், திருமயம் பக்கம் போனாலும், ஏற்றம் என்று சொல்ல ரயில்வே மேம்பாலத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது. பிளேட் முக்கால்வாசி தேய்ந்த வண்டியும் இந்தச் சாலையில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவுதான். அதே வண்டியில் இரண்டு பேர் ஏறி, பையையும் கட்டிக்கொண்டு, வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போதுதான் இஞ்சின் கத்தும், வண்டி நகராது. அங்கே நின்றுகொண்டு மெக்கானிக் தேடுவதைவிட ஊரிலேயே கண்டுபிடித்துவிடுவது நல்லது.

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கிறது. கியர் விழச் சிரமமாக இருந்தாலே, பிக்கப் குறைந்தாலே, "பிளேட் போயிருச்சு" என்று இஞ்சினைத் திறந்துவிடுகிறார்கள். உள்ளே பார்த்தால் பிளேட் நன்றாக இருக்கும், கோளாறு கேபிளில் இருக்கும். எனவே இந்த வழிகாட்டியின் முதல் பகுதி, திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்தான். அதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள்.

கையால் பிடிக்கும் கிளட்ச் லீவர் உள்ள, ஆயிலில் நனைந்தே ஓடும் பல பிளேட் கிளட்ச் வண்டிகளுக்குத்தான் இது பொருந்தும். ஸ்ப்ளெண்டர், பேஷன், பிளாட்டினா, பல்சர், யூனிகார்ன், அப்பாச்சி எல்லாம் இதில் வரும். ஸ்கூட்டிக்கும் எக்ஸ்எல் வண்டிக்கும் வேகத்தைப் பொறுத்துத் தானாகப் பிடிக்கும் கிளட்ச், அது வேறு கதை. பழைய புல்லட்டில் கிளட்ச் இடது பக்கம் செயின் பெட்டிக்குள் இருக்கும். முறை இதேதான் என்றாலும் கழற்றும் விதம் மாறும்.

உள்ளே என்ன இருக்கிறது

வலது பக்கக் கவரைத் திறந்தால் பெரிய பல்சக்கரத்தோடு சேர்ந்த ஒரு கூடை தெரியும். பட்டறையில் டிரம் என்போம், ஹவுசிங் என்றும் சொல்வார்கள். இஞ்சின் சுற்றும்போதெல்லாம் இதுவும் சுற்றும். அதன் நடுவே இருக்கிற சென்டர், அதாவது ஹப், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டோடு சேர்ந்தது. டிரம்மின் விரல்களுக்கு நடுவே காது மாட்டிக்கொண்டு ஃபைபர் பிளேட்டுகள் நிற்கும். ஹப்பின் பற்களில் ஸ்டீல் பிளேட்டுகள் கோத்திருக்கும். ஃபைபர், ஸ்டீல், ஃபைபர், ஸ்டீல் என்று மாறி மாறி அடுக்கு. ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கும்போது டிரம் சுற்ற ஹப்பும் சுற்றும், வண்டி ஓடும். லீவரை அமுக்கினால் ஸ்பிரிங் அழுத்தம் விலகி, பிளேட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவும்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பிளேட் தேயத் தேய அடுக்கின் கனம் குறையும், ஸ்பிரிங் தள்ள அடுக்கை அழுத்தும் பிரஷர் பிளேட், பிடிக்கும் திசையில் இன்னும் கொஞ்சம் நகரும், அது கேபிளை இழுக்கும். அதனால் பிளேட் தேய்மானம் லீவரில் இருக்கும் லூஸை, அதாவது எடை தெரியாமல் லீவர் வரும் தூரத்தை, குறைக்கும். கேபிள் நீண்டாலோ லூஸ் கூடும். யாரும் தொடாமலே லீவர் லூஸ் தானாகக் குறைந்துகொண்டு வந்தால் பிளேட் மேல் சந்தேகப்படுங்கள். கூடிக்கொண்டு வந்தால் கேபிளைப் பாருங்கள்.

முதல் சோதனை: லீவர் லூஸ்

இஞ்சின் அணைந்திருக்கும்போது லீவரின் நுனியை ஒரு விரலால் மெதுவாக இழுங்கள். எடை எதுவும் தெரியாமல் நுனி எவ்வளவு தூரம் வருகிறது என்று பாருங்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளுக்கு நுனியில் 10 முதல் 20 மி.மீ. லூஸ் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் போட்டிருக்கும். ஹேண்டில்பாரை இடதும் வலதுமாக முழுக்கத் திருப்பி மறுபடி பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் லூஸ் காணாமல் போனால் கேபிள் போகும் வழி தப்பு, எங்கோ மடங்கி இழுபடுகிறது.

லூஸே இல்லாத வண்டி என்றால், நீங்கள் லீவரைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி அமுங்கியபடிதான் ஓடுகிறது. பிளேட் நழுவும், சூடாகும், கருகும். நான் திறந்து பார்த்த கருகிய பிளேட்டுகளில் பலவற்றின் கதை இதுதான். லீவர் டைட்டாக இருந்தால்தான் கிளட்ச் நன்றாக வேலை செய்யும் என்று நினைத்து யாரோ கேபிள் அட்ஜஸ்டரை முறுக்கியிருப்பார்கள். முதலில் லூஸைச் சரியாக வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிளேட் இன்னும் கெடாமல் இருந்தால் ஸ்லிப் அதோடு நின்றுவிடும்.

லீவர் கனமாக இருந்தால், கேபிளை லீவரில் இருந்தும் இஞ்சின் பக்கத்தில் இருந்தும் கழற்றி, உள் கம்பியை மட்டும் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். சொரசொரப்பாக ஓடினாலோ, நுனியில் ஓரிரு இழை பிரிந்து நின்றாலோ, மாற்றிவிடுங்கள். செம்மண் புழுதி கேபிள் உறைக்குள் போய் ஆயிலோடு கலந்துவிட்டால் அரம் மாதிரி அறுக்கும். புதுக் கேபிள் சில நூறு ரூபாய், பத்து நிமிட வேலை.

இரண்டாவது: ஸ்லிப்பா, டிராகா?

கிளட்ச் கோளாறு இரண்டு வகை. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் நழுவினால் ஸ்லிப். விட வேண்டிய நேரத்தில் விடாமல் இழுத்தால் டிராக். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஸ்லிப்பைப் பார்க்க நேரான, ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு வேண்டும். காலையில் சீக்கிரம் போனால் பிள்ளையார்பட்டி ரோடு போதும். இஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, ஆக்சிலேட்டரை ஒரே மூச்சில் முழுக்கத் திருப்புங்கள். சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. இஞ்சின் சத்தம் சட்டென்று மேலே போய், வேகம் பின்னால் மெதுவாக ஏறினால் அது ஸ்லிப். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டியில் காதுதான் மீட்டர். பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் கிளட்சைக் குற்றம் சொல்லாதீர்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடலாம், கம்ப்ரெஷன் குறைந்திருக்கலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் பிரேக் சந்தேகம் தீரும். செயின் தேய்ந்து பல் தாண்டினாலும் ஸ்லிப் மாதிரி தோன்றும். ஆனால் அது கட கட என்று உதைக்கும். கிளட்ச் ஸ்லிப்பில் உதைப்பே இருக்காது, வழுக்கிக்கொண்டு போகும்.

நின்ற இடத்திலேயே பார்க்க இன்னொரு வழி. முன் பிரேக்கை இறுக்கப் பிடித்து, டாப் கியரில் போட்டு, கொஞ்சமாக ரேஸ் கொடுத்து, லீவரை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இஞ்சின் திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் பிடிக்கவில்லை. ஒரு நொடிக்குமேல் இதைச் செய்ய வேண்டாம், திரும்பத் திரும்பவும் வேண்டாம். சோதனையே பிளேட்டைக் கருக்கிவிடும்.

நியூட்ரலில் மட்டும் கிக் ஆகும் வண்டிகளில் கிக்கரும் ஒரு சாட்சி சொல்லும். அவற்றில் கிக் விசை கியர்பாக்ஸ் வழியாக, கிளட்ச் பிளேட் வழியாகத்தான் இஞ்சினுக்குப் போகிறது. கிக்கர் எதிர்ப்பு இல்லாமல் சறுக்கிக் கீழே போனால், பிளேட் ரொம்பவே தேய்ந்துவிட்டது என்று பொருள். கியரில் இருக்கும்போதும் லீவர் பிடித்து ஸ்டார்ட் ஆகிற வண்டிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

டிராக் வேறு மாதிரி. லீவரை முழுக்கப் பிடித்தாலும் வண்டி முன்னால் ஊரும், சிக்னலில் நியூட்ரல் விழாது, முதல் கியர் போடும்போது டொக்கென்று உதைக்கும். பெரும்பாலும் லூஸ் அதிகமாக இருப்பதோ கேபிள் நீண்டதோதான் காரணம். அவை சரியாக இருந்தும் டிராக் நிற்கவில்லை என்றால், உள்ளே ஸ்டீல் பிளேட் வளைந்திருக்கலாம், அல்லது டிரம் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கலாம். ஃபைபர் தேய்மானத்தால் மட்டும் டிராக் வருவது அபூர்வம். வண்டி கிளம்பும்போது உடம்பே குலுங்கினால் அதுவும் வளைந்த பிளேட் அல்லது பள்ளம் விழுந்த டிரம்மின் அடையாளம். ஆனால் அதற்கு முன் இஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

பல மாதம் பூட்டிக் கிடந்த வண்டி

நம்ம பக்கத்துக்கே உரிய பிரச்சினை இது, அதனால் தனியாகச் சொல்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறார்கள். வண்டி முகப்பிலோ பின்கட்டிலோ உறை போட்டு நிற்கும். செவ்வாய்ப் பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வந்து, பேட்டரி மாற்றி ஸ்டார்ட் பண்ணி, லீவர் பிடித்து முதல் கியர் போட்டால் வண்டி முன்னால் பாயும் அல்லது அணைந்துவிடும். "அண்ணே, ஆச்சி கோயிலுக்குக் கிளம்பிட்டாங்க, உடனே பிளேட் மாத்திக் குடுங்க" என்று தம்பிகள் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

அந்தப் பிளேட்டுகள் கெட்டிருக்காது. பல மாதம் அசையாமல் இருந்ததில், நடுவே இருந்த ஆயில் வடிந்தும் கெட்டியாகியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இஞ்சினை நியூட்ரலில் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்துவிட்டு மூன்றாவது கியரில் போட்டு, லீவரை முழுக்கப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னுமாக உலுக்குங்கள். டக்கென்று விடுபடுவது கையில் தெரியும். அதன்பிறகு பழைய ஆயிலை மாற்றுங்கள். போகும்போது லீவரைப் பிடித்தே கட்டி வைத்துவிட்டுப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். பிளேட் ஒட்டாமல் இருக்க அது உதவும் என்றாலும், பல மாதம் கேபிளும் ஸ்பிரிங்கும் இறுகிக் கிடக்கும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து மாதம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி, லீவரை நாலு முறை அமுக்கி விடச் சொல்வதைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

ஆயிலும் ஒரு சந்தேக நபர்

இந்தக் கிளட்ச் இஞ்சின் ஆயிலிலேயே குளித்துக்கொண்டு ஓடுகிறது. அதனால் ஆயிலின் வழுக்கல் தன்மை நேரடியாகப் பிடிமானத்தைப் பாதிக்கும். கார் ஆயில்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சம் பிடிக்க உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். காருக்கு அது நல்லது, ஏனென்றால் காரின் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருக்கிறது. நம் வண்டியில் ஊற்றினால் புதுப் பிளேட்டும் நழுவும். டப்பாவின் பின்புறம், ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டர்களுக்கானது, வேண்டாம். ஆயிலின் கெட்டித்தன்மை 10டபிள்யூ-30 ஆ, 20டபிள்யூ-50 ஆ என்பதை வண்டியின் கையேடு தீர்மானிக்கட்டும்.

அண்மையில் ஆயில் மாற்றிய பிறகுதான் ஸ்லிப் தொடங்கியது என்றால், பிளேட்டைத் தொடுவதற்கு முன் சரியான ஆயிலை ஊற்றி ஓட்டிப் பாருங்கள்.

டிரெயின் போல்ட்டைத் திறந்து வரும் ஆயிலையும் ஒரு வெள்ளைத் துணியில் சொட்டவிட்டுப் பாருங்கள். கருகிய வாடை, கறுப்பான நுண்துகள்கள் இருந்தால் ஃபைபர் கரைந்துகொண்டிருக்கிறது. மினுமினுக்கும் உலோகத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தால், கோளாறு பிளேட்டோடு நிற்கவில்லை.

வாங்கி வைக்க வேண்டியவை

ஃபைபர் பிளேட் செட், ஸ்பிரிங் செட், வலது கவர் பேக்கிங், டிரெயின் போல்ட் வாஷர், ஆயில். ஸ்டீல் பிளேட்டை அளந்து பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்குவதாக இருந்தால் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. வண்டியின் மாடலோடு தயாரித்த ஆண்டையும் கடையில் சொல்லுங்கள். ஒரே பெயரில் வரும் வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு பிளேட் எண்ணிக்கையும் அளவும் மாறியிருக்கும். கம்பெனி பாகம், அல்லது பெயர் பெற்ற தயாரிப்பாளரின் பாகம் வாங்குங்கள். அச்சில்லாத அட்டைப் பெட்டியில் பாதி விலைக்கு வரும் பிளேட்டில் ஃபைபர் துண்டுகள் பெயர்ந்து, ஆயில் ஜல்லடையை அடைத்துவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே மிச்சம் பிடித்த பணம் இஞ்சின் வேலையில் போகும்.

கருவிகளில் 8, 10, 12 அளவு டி ஸ்பானர்கள், பாக்ஸ் ஸ்பானர் செட், ரப்பர் சுத்தியல், கனம் அளக்க வெர்னியர், இடுக்கு அளக்க ஃபீலர் கேஜ், முடிந்தால் இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச். உங்கள் வண்டியில் ஹப்பைக் கழற்ற வேண்டுமானால் அதன் நட்டுக்கான தனி பாக்ஸும் ஹப்பைப் பிடித்துக்கொள்ளும் ஹோல்டரும் வேண்டும்.

புதுப் பிளேட் கைக்கு வந்ததும் முதல் வேலை, அதைச் சுத்தமான புது இஞ்சின் ஆயிலில் மூழ்க வைப்பது. முதல்நாள் ராத்திரியே ஒரு தட்டில் ஊற வைத்துவிடுங்கள். காய்ந்த பிளேட்டை அப்படியே மாட்டினால், ஆயில் போய்ச் சேருவதற்குள் முதல் சில சுற்றிலேயே முகம் கருகும்.

பிரிப்பது

இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வலது பக்கத்தை முதலில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, புழுதி இல்லாமல் செய்யுங்கள். கவர் இடுக்கில் இருக்கும் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் அது போய்ச் சேரும் இடம் ஆயில் பம்ப்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஆயிலை வடியுங்கள். சைடு ஸ்டாண்டில் நன்றாகச் சாய்த்து வைத்தால் ஆயில் வடிக்காமலே கவரைத் திறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் தேய்ந்த பிளேட்டின் தூள் முழுக்க அந்த ஆயிலில்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு புதுப் பிளேட் போடுவதில் அர்த்தமில்லை. வடித்த ஆயிலைத் தெருச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம்ம ஊர்களில் தெருவில் ஓடும் மழைத்தண்ணீர் வரத்துக்கால் வழியாக ஊருணிக்குத்தான் போய்ச் சேரும். கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

கிளட்ச் கேபிளைக் கழற்றுங்கள். கிக்கரைக் கழற்றுவதற்கு முன் ஷாஃப்ட்டிலும் கிக்கரிலும் நேராக ஒரு புள்ளி குத்தி அடையாளம் வையுங்கள். வலது ஃபுட்ரெஸ்ட், தேவைப்பட்டால் பிரேக் பெடலும் கழல வேண்டும். கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை, இதில் கவனம் வேண்டும். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தைத் தோராயமாக வரைந்து, ஓட்டை போட்டு, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டையான ஓட்டையில் போட்டு முறுக்கினால் அலுமினியம் விரிசல் விடும்.

எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். கவர் ஒட்டியிருந்தால் ரப்பர் சுத்தியலால் ஓரத்தில் சுற்றித் தட்டினால் வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அந்த முகத்தில் விழுந்த ஒரு கீறல் வண்டி இருக்கிற வரைக்கும் ஆயில் கசிய வைக்கும். கவரை இடம் பிசகாமல் உட்கார வைக்கும் டவல் பின்கள் இரண்டும் கவரோடு வருகின்றனவா, இஞ்சினிலேயே நிற்கின்றனவா என்று பார்த்து எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஸ்பிரிங் போல்ட்டுகள். இங்கேயும் எதிரெதிராக, அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிளேட் சாய்ந்து போல்ட் துளை உடையலாம். டிரம் சுற்றினால் டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ளட்டும்.

இந்த இடத்தில் வண்டிகள் இரண்டாகப் பிரிகின்றன. பிரஷர் பிளேட் வெளிப்புறம் இருக்கும் வண்டிகளில் ஸ்பிரிங் கழன்றதும் பிரஷர் பிளேட் கையோடு வரும், பிளேட்டுகளை ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளலாம். நடு நட்டைத் தொட வேண்டியதே இல்லை. ஸ்ப்ளெண்டர் மாதிரியான இஞ்சின்களில் பிரஷர் பிளேட் உள்புறம் இருக்கும். ஸ்பிரிங்குகளின் மேல் இருக்கும் லிஃப்டர் பிளேட்டைக் கழற்றிய பிறகு, நட்டு கழலாமல் பூட்டும் லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, நான்கு வெட்டு உள்ள வட்ட நட்டைத் தனி பாக்ஸ் போட்டுக் கழற்றினால்தான் ஹப்பும் பிளேட்டும் வரும். உளியை வைத்து அடித்து அந்த நட்டைக் கழற்றுவது பல இடங்களில் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். வெட்டு மழுங்கும், சிதறிய இரும்புத் துணுக்கு உள்ளே விழும், அடி நேராகப் பேரிங்கில் இறங்கும். பாக்ஸ் இல்லை என்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

எடுக்க எடுக்க, எடுத்த வரிசையிலேயே, எந்த முகம் வெளியே இருந்ததோ அதே முகம் மேலே இருக்கும்படி ஒரு நியூஸ் பேப்பரில் பரப்புங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளந்து பார்ப்பது

ஃபைபர் பிளேட்டைத் துடைத்து வெர்னியரால் மூன்று நான்கு இடத்தில் கனம் பாருங்கள். பல வண்டிகளில் புதுப் பிளேட் 3 மி.மீ. ஒட்டி இருக்கும், 2.6 மி.மீ. வாக்கில் மாற்ற வேண்டிய எல்லை வந்துவிடும். அதாவது, மாற்ற வேண்டிய பிளேட்டுக்கும் புதுப் பிளேட்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. "இன்னும் கனமாத்தானே இருக்கு" என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. துல்லியமான எல்லை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கனம் இருந்தும் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ, கறுத்துக் கருகிய வாடை வந்தாலோ, துண்டு பெயர்ந்திருந்தாலோ மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவது ஒரு மாதத்துக்குக்கூடத் தாங்காது. ஒன்று தேய்ந்திருந்தாலும் முழு செட்டையும் மாற்றுவதுதான் முறை.

ஸ்டீல் பிளேட் தேய்வது குறைவு, வளைவதுதான் அதன் நோய். நீலமோ ஊதாவோ ஏறியிருந்தால் அதிகச் சூடு கண்டது என்று பொருள். வளைவு பார்க்கச் சமமான தளம் வேண்டும். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவர்கள் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், கண்ணாடிதான் கைக்கு எளிதில் கிடைக்கும் சமதளம். பழைய ஜன்னலின் கனமான கண்ணாடித் துண்டு ஒன்று போதும். பிளேட்டை அதன்மேல் படுக்க வைத்து, ஓரத்தைச் சுற்றி 0.2 மி.மீ. ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். எங்காவது நுழைந்தால் அந்தப் பிளேட் வேண்டாம். பிளேட்டைத் திருப்பிப் போட்டும் பாருங்கள்.

ஸ்பிரிங்குகளை வரிசையாக நிற்க வைத்தால் குட்டையானது தனியாகத் தெரியும். அதன் நீள எல்லையும் மேனுவலில் உண்டு. பிளேட் கருகிய வண்டியில் ஸ்பிரிங்கும் சூட்டில் தளர்ந்திருக்கும் என்பதால் நான் எப்போதும் செட்டாகவே மாற்றிவிடுவேன். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்கம் கூட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. லீவர் கல்லாகும், கேபிள் அறும், பிளேட் பிரச்சினை அப்படியே இருக்கும்.

டிரம்மின் விரல்களை நகத்தால் தடவிப் பாருங்கள். ஃபைபர் பிளேட்டின் காதுகள் வந்து வந்து மோதி, விரல் ஓரத்தில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருக்கும். லீவர் பிடிக்கும்போது பிளேட் அந்தப் பள்ளத்தில் சிக்கி நகராமல் நிற்பதால்தான் டிராக் வருகிறது. லேசான பள்ளத்தை மெல்லிய அரத்தால் சமன் செய்யலாம், தூள் உள்ளே விழாமல் துணி அடைத்துக்கொள்ளுங்கள். நகம் விழுந்து நிற்கும் அளவுக்கு ஆழம் என்றால் டிரம்மையே மாற்றுவதுதான் வழி. ஹப்பின் பற்களையும், லிஃப்டர் பேரிங்கையும் இதே கையோடு சுற்றிப் பாருங்கள். பேரிங் கரகரத்தால் மாற்றுங்கள்.

கவர் திறந்திருக்கும்போதே, உங்கள் வண்டியில் கிராங்க் நுனியில் சுற்றும் ஆயில் ஃபில்டர் இருந்தால் அதன் மூடியைத் திறந்து, உள்ளே பசைபோல் படிந்த அழுக்கை வழித்துத் துடைத்துவிடுங்கள். கீழே இருக்கும் ஆயில் ஜல்லடையையும் கழுவுங்கள். தேய்ந்த ஃபைபர் எல்லாம் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும்.

மாட்டுவது

கழற்றிய வரிசைக்கு நேர் எதிர். பெரும்பாலான வண்டிகளில் அடுக்கு ஃபைபரில் தொடங்கி ஃபைபரில் முடியும். ஸ்டீல் பிளேட்டின் ஓரத்தைத் தடவினால் ஒரு பக்கம் மழுங்கலாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே திசை பார்க்க வையுங்கள். சில வண்டிகளில் வெளியே வரும் கடைசி ஃபைபர் மட்டும் டிரம்மில் தனியாக வெட்டிய குட்டைக் காடியில் உட்கார வேண்டும். சிலவற்றில் குலுங்கலைத் தடுக்க ஒரு மெல்லிய வளைந்த ஸ்பிரிங் வளையம் இருக்கும், அதற்குத் திசை உண்டு. போனில் எடுத்த படம் இப்போது கைகொடுக்கும்.

ஹப் கழற்றிய வண்டியில் லாக் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். வாஷரில் ‘அவுட்சைடு’ என்று எழுத்திருந்தால் அந்த முகம் வெளியே பார்க்க வேண்டும். நட்டு இறுக்கம் மேனுவலில் சொன்ன அளவுக்கு. பிரஷர் பிளேட் ஹப்பின் பற்களில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்த பிறகே ஸ்பிரிங் போல்ட்டைப் போடுங்கள். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுகள்தான், பெரும்பாலும் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரென்ச் இல்லாதவர்கள் குட்டை ஸ்பானரை மணிக்கட்டு பலத்தில் மட்டும் முறுக்குங்கள், தோள் பலம் வேண்டாம். இந்தப் போல்ட்டுகள் அறுந்துதான் எளிய வேலை பெரிய வேலையாகிறது.

பழைய பேக்கிங்கை மழுங்கிய பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி எடுங்கள். டவல் பின், புதுப் பேக்கிங், அப்புறம் கவர். பேக்கிங்கோடு பசை தேவையில்லை. அள்ளிப் பூசினால் பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து ஜல்லடையில் அடைக்கும். கவர் கைத்தள்ளலிலேயே உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் லிஃப்டர் கம்பியோ கிக் ஷாஃப்ட்டோ சரியாக நுழையவில்லை. போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்காதீர்கள்.

கையேட்டில் உள்ள அளவுக்கு ஆயில் ஊற்றுங்கள். கேபிளை மாட்டி, முதலில் இஞ்சின் பக்க அட்ஜஸ்டரிலும், கடைசிச் சரிக்கட்டலுக்கு லீவர் பக்கத்திலும் லூஸை வையுங்கள். புதுப் பிளேட்டுக்கு அடுக்கு கனமாக இருப்பதால் பழைய அட்ஜஸ்ட்மென்ட் பொருந்தாது.

ஓட்டிப் பார்ப்பது

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் கியரில் போட்டு, லீவர் பிடித்து வண்டியைத் தள்ளுங்கள். நகர வேண்டும். லீவரை விட்டால் நிற்க வேண்டும். பிறகு நியூட்ரலில் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து வண்டியை நேராக நிறுத்தி ஆயில் மட்டம் பாருங்கள். கவர் ஓரத்தில் கசிவு இருக்கிறதா என்று ஒரு பேப்பர் துண்டால் ஒற்றிப் பாருங்கள்.

முதல் 100 கிலோமீட்டருக்கு முழு ரேஸ் வேண்டாம், அதிகப் பாரமும் வேண்டாம். புது முகங்கள் ஒன்றோடொன்று படிந்து அமரட்டும். அமர்ந்த பிறகு லீவர் லூஸ் கொஞ்சம் மாறியிருக்கும், மறுபடி ஒருமுறை சரிசெய்யுங்கள். மறுபடி அந்தப் பிள்ளையார்பட்டி ரோட்டுக்குப் போய், 40 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியர் சோதனையைச் செய்துவிடுங்கள். புதுப் பிளேட் போட்டும் ஸ்லிப் தெரிந்தால், ஆயிலையும் லூஸையும் முதலில் பாருங்கள். பிறகு ஸ்டீல் பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் அளக்காமல் விட்டீர்களா என்று யோசியுங்கள்.

பிளேட் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பது வண்டியைவிட ஓட்டுகிற கையைப் பொறுத்தது. ஒரு பால்காரரின் வண்டியில் இரண்டு பக்கமும் கேன் தொங்க, வீட்டுக்கு வீடு நின்று கிளம்பியும் பிளேட் நெடுநாள் தாங்குவதைப் பார்க்கிறேன். லீவரை விட்டால் முழுக்க விடுவார், பிடித்தால் முழுக்கப் பிடிப்பார். ஊருக்குள் மட்டும் ஓட்டும் சிலர் நான்கு விரலையும் எப்போதும் லீவர்மேல் வைத்தபடியே, லேசாக அமுக்கியபடியே ஓட்டுவார்கள். அவர்களுக்குத்தான் பிளேட் அடிக்கடி போகிறது. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் கூட்டத்தோடு குன்றக்குடி ரோட்டில் ஊர்ந்து போகிற வண்டிகளுக்கும் இதே ஆபத்து. நடக்கிற வேகத்தில் மணிக்கணக்காக ஹாஃப் கிளட்சில் போனால் புதுப் பிளேட்டும் நீலம் பாய்ந்துவிடும். தண்ணீர், பழம் கொண்டுபோகிற வண்டியாக இருந்தால் கூட்டத்துக்கு முன்னால் போய் நிறுத்தி, நியூட்ரலில் காத்திருந்து, கூட்டம் தாண்டிய பிறகு மறுபடி முன்னால் போங்கள். சிக்னலில் நிற்கும்போதும் அப்படியே. லீவரைப் பிடித்துக்கொண்டு கியரில் நிற்காமல் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.

லூஸை மாதம் ஒருமுறை விரலால் பார்த்துக்கொள்ளுங்கள், செயினுக்கு ஆயில் விடும் நாளிலேயே பார்த்துவிடலாம். குறைந்திருந்தால் அட்ஜஸ்ட் பண்ணி, தேதியையும் கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அட்ஜஸ்டரின் மரை முடிகிற நிலைக்கு வந்தும் லூஸ் கிடைக்கவில்லை என்றால், அடுத்த செட் பிளேட்டை ஆயிலில் ஊற வைக்க வேண்டியதுதான்.